விரியாத கண்மணி

தையல் ஆலையில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘கண்ணு டாக்டர்’ என்று பட்டப்பெயர். டாக்டரெல்லாம் இல்லை; முதலுதவி அறையில் இருபது வருஷமாகக் கம்பவுண்டர். வலி என்று யார் வந்தாலும் முதலில் வாயை மூடச் சொல்வார். பிறகு வலிக்கிற இடத்தில் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, கருவிழியின் நடுவிலிருக்கும் கண்மணியை உற்றுப் பார்ப்பார். நிஜமாகவே வலித்தால் அது விரியும், வாய்தான் புளுகும் என்பது அவர் கட்சி. விரிந்தால் வீட்டுக்கு, விரியாவிட்டால் மிஷினுக்கு.

பொத்தான் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். லீவுக்காக நடிப்பவர்களை மாமா கையும் களவுமாகப் பிடித்த கதைகளை அக்காவிடம் அளந்துவிடுவதில் எனக்குத் தனி சுகம். அவர் மைத்துனன் என்று சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் நான்.

என் பிரிவில் பொத்தான் தைக்கும் ஓர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். லீவே போடாதவர். ஒருநாள் காலை பத்து மணிக்கு மிஷின்மேல் கவிழ்ந்துவிட்டார்.

“வலது பக்கம் உயிர் போகுது தம்பி.”

அழைத்துப்போனேன். மாமா அடிவயிற்றில் அழுத்தினார். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்மணி கடுகளவுக்கு மேல் விரியவில்லை.

“ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போ.”

“நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே மாமா?”

“இந்த வெயில்ல யாருக்குத்தான்டா வேர்க்கல?”

நான் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் இரண்டாயிரம் சட்டை லாரி ஏற வேண்டும். மாமா அப்படிச் சொன்னதும் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது எனக்கு. இப்போது சொல்லவே நாக்கூசுகிறது. கையைப் பிடித்து நானே அவரை மிஷின்முன் உட்கார வைத்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை தைத்தார். எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் முடிந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியவே மூன்று நாள் ஆனது. ஆபரேஷன் அன்றே, முடித்துவிட்டு வெளியே வந்த டாக்டரை மாமா விடவில்லை. கண்மணி விரியவே இல்லையே என்று வாதாடினார்.

“வலிச்சா விரியும்தான். இவங்களுக்குக் கண்ணுல அழுத்தம் அதிகம்; தினமும் சொட்டு மருந்து போடுறாங்க. அந்த மருந்து கண்மணியைச் சுருக்கியே வச்சிருக்கும். அப்புறம் எப்படி விரியும்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே.”

இருபது வருஷத்தில் இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோமோ! மாமா அதைத்தான் யோசித்திருப்பார். முகம் செத்துவிட்டது.

நாலாம் நாள் இருவரும் கட்டிலருகே போய் நின்றோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். மாமாவின் வாயில் வந்ததோ வேறு.

“சொட்டு மருந்து போடுறேன்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

அந்த அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. குரலும் சரியாக எழும்பவில்லை.

“வலிக்குதுன்னு சொன்னேனே சார்.”

மாமா தலை குனிந்துகொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.