மஹ்ரூப் தேய்த்த துரு

கற்பிட்டிக் கடலின் உப்புக் காற்று புதுக் கத்தியையும் மூன்றே நாளில் தின்று ஏப்பம் விடும். அதனால்தானோ என்னவோ, வீட்டில் ஓர் ஆணி துருப்பிடித்தாலும் உப்பளத்து மஹ்ரூபுக்கு அன்று சோறு இறங்காது.

நான்கு வருடமாகப் போனில் ஜப்பானிய வாள்களைப் பார்த்தே ஏங்கியவர், கடைசியில் கப்பல் வேலையிலிருந்து ஓய்ந்த றிபாய் நானாவிடம் ஒன்றை வாங்கினார். முந்நூறு வயது வாள். “நீ நல்லாப் பாத்துக்குவாய் எண்டுதான் உனக்குக் கொறச்சுத் தாறன்,” என்றார் நானா.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து நானா வாளைப் பார்க்க வந்தார். மஹ்ரூப் புது மாப்பிள்ளை போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினார். நானா கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே மறைந்திருந்த அடிப்பாகம் கண்ணாடியாய் மின்னியது.

“எழுத்து எங்க மஹ்ரூபு?”

“எழுத்தா? துருதான் கெடந்திச்சு நானா. அரம் போட்டு எடுத்துட்டன்.”

“நாலு நாள் சோறு தண்ணி இல்லாமத் தேச்சார் நானா,” என்று தேத்தண்ணியோடு வந்த மனைவி நிஹாரா பெருமைப்பட்டாள்.

நானா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்தத் துருவ ஆரும் தொடமாட்டாங்க. வாள்ட வயச அதுதான் சொல்லும். செஞ்சவன்ட பேரும் அந்த அடியிலதான் வெட்டியிருந்திச்சு,” என்றார் மெதுவாக.

மஹ்ரூப் தன் விரல்களைப் பார்த்தார். முந்நூறு வருடமும் அவருடைய நகக்கண்களில் கறுப்பாய் ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். நானா திருப்பி நீட்டிய வாளை வாங்கக்கூட அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.