டவாலி போட்ட மொக்கைச்சாமி

தொண்ணூத்தாறுல ராஜபாளையத்துல நான் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தேன். டைப்பிங் சொல்லிக் குடுக்கிறதா போர்டு. உள்ள நடந்ததெல்லாம் கேம்தான். அதுலயும் ஒரு ராஜா ராணி கேம். வாளைத் தூக்கிட்டுப் போய் அரக்கனை வெட்டணும். வெட்ட வெட்ட பாயிண்ட் ஏறும், லெவல் ஏறும். இதுதான் அசல் ரோல் பிளேயிங் கேம்னு வாரவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அதை ஒரே பேச்சுல கெடுத்தவரு மொக்கைச்சாமி அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல டவாலி. மாருக்குக் குறுக்க போடுற சிவப்புப் பட்டைக்கும் டவாலின்னுதான் பேரு. அதைப் போட்டுக்கிட்டு வராந்தாவுல நின்னு கட்சிக்காரங்க பேரை மூணு தடவை கூப்பிடுற ஆளுக்கும் அதே பேருதான். சனிக்கிழமையானா பஸ் ஏறி என் கடைக்கு வந்துருவாரு.

"லெவல் ஏறுறது இன்கிரிமென்ட்டுல்ல தம்பி? எங்க ஆபீஸ்ல சும்மா உக்காந்திருக்கவனுக்கும் ஏறுது. இதுல ரோல் எங்க இருக்கு?"

"வாள் பெருசாகுதுல்லண்ணே!"

"வாளுதான பெருசாகுது? ராஜாவோட காவல்காரன்னு வேஷம் எடுத்திருக்க. போற வழியில ஊர்க்காரன் வீட்டுப் பானையை உடைச்சுக் காசு பொறுக்குற. காவல்காரன் செய்யிற வேலையா அது? வேஷத்துக்குப் பொருந்தாததைச் செய்ய விட்டா, அது ரோல் இல்ல, வெறும் ஆட்டம்."

எனக்கு வந்ததே கோபம்! கோர்ட் வாசல்ல கத்துற மனுசனுக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

அந்த ஆடியிலதான் அவரு மேலயே கேசு. சோழபுரத்துல அவரும் பெண்டாட்டி இருளம்மாளும் குடியிருந்த வீட்டைத் தனக்குன்னு கேட்டு, கூடப்பிறந்த தம்பி தவசிமுத்து போட்ட கேசு. பத்திரம் அண்ணன் பேருலதான் இருக்கு. போய் நின்னு காட்டினாலே போதும். "நான் இருக்கிற கோர்ட்டுல எனக்கெதுக்கு வக்கீலு"ன்னுட்டாரு. மூணு கூப்பாட்டுக்குள்ள ஆள் உள்ள போகலேன்னா எதிராளி பக்கம் தீர்ப்பாயிரும். அது அவருக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருசமா கூப்பிடுறவராச்சே!

சாட்சிக்கு நானும் போயிருந்தேன். புது ஜட்ஜு, வந்து ரெண்டே நாள். டவாலி பேரு என்னன்னு அவருக்குத் தெரியாது. அண்ணன் வராந்தாவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு, "சோழபுரம் மொக்கைச்சாமீ..."ன்னாரு. கூப்பிட்டுட்டு ரோட்டையே பாத்தாரு.

நான் ஓடிப்போயி, "அண்ணே, உள்ள போங்க!"ன்னேன்.

"டவாலி போட்டிருக்கேன்ல?"

"கழத்துங்கண்ணே!"

"கழத்திட்டா யாருலே கூப்பிடுறது? தள்ளி நில்லு."

ரெண்டாவது கூப்பாடு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பட்டையைப் பிடிச்சு இழுத்தேன், கையைத் தட்டிவிட்டாரு. ஜட்ஜுகிட்ட நானே சொல்லிருவோம்னு உள்ள பாஞ்சேன். "சைலன்ஸ்!"னு என்னை அதட்டி வெளிய தள்ளுனதும் அவருதான், அதுவும் டவாலி வேலைதானே. அந்தப் பாவி தவசிமுத்து வாயே திறக்கல. மூணாவதையும் கூப்பிட்டாரு, அம்புட்டு கணீர்னு. பொறவு உள்ள போய்க் கைகட்டி, "ஆள் ஆஜராகலைங்கய்யா"ன்னாரு.

ஜட்ஜு எழுதிட்டாரு. வீடு போச்சு.

சாயங்காலம் கோர்ட் முடிஞ்சதும் அண்ணன் பட்டையைக் கழத்தி மடிச்சு அலமாரியில வச்சாரு. இருளம்மா மதினிகிட்ட என்னத்தைச் சொல்லப் போறோம்னு நான் படியில உக்காந்திருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்து, வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, "காலையிலேருந்து காத்துக் கிடக்கேன் தம்பி"ன்னாரு. "என் பேரைக் கூப்பிட்டாங்களா?"