படங்களில் அவர் மட்டும்

காட்டுக்குள் அந்த மண் அணையைக் கட்டியபோது அவர் மண் சுமந்தார். வேலை முடிந்து மற்றவர்கள் லாரி ஏறிப் போக, அவரை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். கோடையில் விலங்குகள் குடிப்பதற்கான தண்ணீர். பதினோரு வருடமாகிறது.

காலையும் மாலையும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் நடப்பார். கசிவு கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளங்காலில் சில்லென்று தெரிந்துவிடும். முளைக்கும் செடியை விரல் நீளத்திலேயே பிடுங்குவார். வேர் இறங்கினால் அதன் வழியே தண்ணீர் போகும்; கரை நிற்காது. அவருக்குக் கொடுத்திருந்த அறை அங்கிருந்து அரை மணி நடை. வெயில் காலத்தில் கரைமேலேயே படுத்துக்கொள்வார்.

மனைவி ஊரில், மகளுடைய வீட்டில் இருந்தாள். போனில் அவளுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என் சக்களத்தி சௌக்கியமா?"

"இருக்கா."

"பேத்தி பொறந்தநாளுக்காவது வாங்களேன்."

"கரையை யாரு பாக்கறது?"

அதற்குமேல் அவள் கேட்க மாட்டாள்.

அந்தக் கோடையில் விலங்குகளைக் கணக்கெடுக்கும் பெண் வந்து, கரையோரத்து மரத்தில் ஒரு கேமரா கட்டினாள். எதிரில் எது அசைந்தாலும் தானே படம் எடுக்கும். ஒரு மாதம் கழித்து அவர் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"அண்ணே, நானூறு படத்துக்கு மேல இருக்கு. எல்லாத்துலயும் நீங்கதான் ஹீரோ."

குனிந்த முதுகு. குந்திய முதுகு. பின்மண்டையில் வழுக்கை விழுந்திருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்; சிரித்துவிட்டார்.

"சிரிக்கற விஷயம் இல்லண்ணே. மிருகம் வரலைன்னா கரையை வெட்டி ஓடையைத் திறந்துடச் சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் டைம்."

"தண்ணிதான் இருக்கே. ஏன் வரல?"

அவள் தயங்கினாள். "உங்க வாசனைண்ணே."

மறுநாளிலிருந்து அவர் கரைக்குப் போகவில்லை. அறையை இரண்டு முறை பெருக்கினார். வாசலில் இருந்த புல்லையெல்லாம் பிடுங்கினார். பிடுங்க ஒன்றும் இல்லாமல் போனதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க, நீங்களா கூப்பிடறீங்க? சக்களத்தி துரத்திட்டாளா?"

"ஆமா."

சிரித்தவள், அவர் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப இங்க வந்துடுங்க."

சொல்ல அவரிடம் காரணம் இல்லை. "பாக்கலாம்" என்றார்.

இரண்டு மாதம் முடிவதற்குள் அந்தப் பெண் ஜீப்பை அணைக்காமலேயே இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, கரை பொழச்சுடுச்சு!"

லேப்டாப்பில், விடியல் வெளிச்சத்தில் ஒரு பெண்மான் குடித்துக்கொண்டிருந்தது. வயிற்றோடு ஒட்டிக் குட்டி. அவர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். மானுக்குப் பின்னால், நடுக்கரையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி.

"இதைப் பிடுங்கணும்."

"இப்ப வேண்டாண்ணே. இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு."

"வேர் எறங்கிடும்மா."

"மழைக்கு முன்னாடி நாங்களே ஆள் அனுப்பறோம். நீங்க நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வாங்க."

ஜீப் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தார். சிமென்ட் காய்ந்து, சூடாக இருந்தது.