ஓட்டைக் குழலில் ஊதிய ஆறு மாதம்

முத்தாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயதில் நிமோனியா வந்து, நுரையீரலை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. உடுமலைப்பேட்டை டாக்டர் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, தினமும் மூச்சை இழுத்துப் பந்தை மேலே தூக்கச் சொன்னார். நாலு நாள் தூக்கினாள். ஐந்தாம் நாள், முப்பது வருசமாகக் கொப்பரைக் களத்தில் ஆளை விரட்டி வேலை வாங்கினவள் மூணு பந்துக்குச் சேவகம் செய்வதா என்று கோபம் வந்து, அதைப் பரண்மேல் வீசப் போனாள்.

அங்கேதான் சாக்ஸபோன் கிடந்தது. மகன் மனோஜ்குமார் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணை மயக்கவென்று யாரிடமோ பழையதாக வாங்கியது. பெண் மயங்கவில்லை. சாக்ஸபோன் பரணுக்கு வந்தது, மகன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். முத்தாத்தாள் அவனுக்குப் போன் போட்டு, இது ஊதுகிற சாமானா உறிஞ்சுகிற சாமானா என்று விசாரித்தாள். ஊதுவதுதான் என்றதும், மூச்சுக்கும் ஆச்சு, பாட்டுக்கும் ஆச்சு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடவில்லை. யாரோ ஒருத்தர் முன்னால் கைகட்டி உட்காரும் வயதெல்லாம் தாண்டிவிட்டது என்பது அவள் கட்சி. கைப்பேசியில் சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தின் கல்யாணி ராகத்தைப் போட்டுவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கொப்பரையைத் திருப்பிப் போடுவாள். அது முடிந்ததும் கைப்பேசி தானாகவே அமெரிக்க சாக்ஸபோன்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. கோல்ட்ரேனைக் கேட்டவள், இந்த ஆள் மூச்சு விடாமல் யாரிடமோ நியாயம் கேட்கிறான், எதிரில் இருப்பவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்றாள். பென் வெப்ஸ்டர் ஊதினால், சுரம் தீர்ந்த பிறகும் வெறும் காற்று போகும் சத்தம் கேட்கும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை கடைக்குக் கொண்டுபோனாள்.

படிப்பு இப்படித்தான் நடந்தது. பாட்டில் நாலு நொடியை மட்டும் எடுத்துக்கொள்வாள். அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாயால் பாடிப் பாடி நாக்கில் ஏற்றிக்கொள்வாள். பிறகுதான் ஊதுவாள். நாலு நொடிக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அமராவதிக் காட்டுப் பக்கமிருந்து யானை இறங்கிவிட்டதா, வனத்துறைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டு அனுப்பினார். கணவர் வெள்ளியங்கிரி, அம்மணிக்கு வைத்தியம் நடக்கிறது என்று பதில் சொல்லி அனுப்பினார்.

கீழ்ச் சுரங்கள் மட்டும் அவளுக்கு மசியவே இல்லை. முழு பலத்தையும் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்க ஊதினால்தான் கொஞ்சமாவது பேசின. நம்ம நெஞ்சில்தான் கோளாறு என்று இன்னும் பலமாக ஊதினாள். குழலின் துளையை அடைக்கும் மூடிகளில் ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டதால் அதன்மேல் ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தாள். அப்படியே ஆறு மாதம் ஓடியது.

ஒருநாள் ரப்பர் பேண்ட் அறுந்து, மூடியும் கழன்று கையோடு வந்தது. கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஷேக் பரீத்திடம் கொண்டுபோனாள். அவர் குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். மூடியிருக்க வேண்டிய ஐந்து இடத்தில் வெளிச்சம் கசிந்தது.

"இதுலயா இத்தன நாளா ஊதினீங்க?"

"ஆமாங்க பாய்."

"சத்தம் வந்துச்சா?"

"வர வெச்சேனுங்க."

ஷேக் பரீத் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லா மூடிக்கும் புதுத் தோல் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஊதினாள். லாரி ஹாரன் மாதிரி ஒரு அலறல். ஓட்டைக் குழலை ஜெயிக்கப் பழகின மூச்சு, நல்ல குழலுக்குள் புகுந்து கண்டபடி முட்டியது. ஆறு மாதம் சேர்த்துவைத்த நாலு நொடிகள் ஒன்றுகூடத் தேறவில்லை. முத்தாத்தாள் சாக்ஸபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு, அதன் பரம்பரையையே வைதாள். இரண்டு நாள் அதன் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் களத்தில் பழைய பாட்டுகளைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது காதில் விழுந்தது. இவர்கள் யாரும் முக்கவே இல்லை. வெப்ஸ்டரின் அந்தக் காற்றுச் சத்தம் கோளாறே அல்ல. தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அந்த மனுசன் ஊதியிருக்கிறான். அவள்தான் இத்தனை நாளும் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்த அறிவு அப்போதே வந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, முதல் நாலு நொடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

அடுத்த தை மாதம் குலதெய்வக் கோயில் விழாவில், சிறப்பு விருந்தினர் வரும்வரை ஒரு இருபது நிமிடம் ஓட்டும்படி கமிட்டித் தலைவர் சுப்பண்ணன் கேட்டுக்கொண்டார். சிரிப்பதற்கு ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கைதான். அவள் கல்யாணியை எடுத்தாள். மெதுவாக ஊதியதால், கேட்க வேண்டுமென்றால் பேச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பந்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. விருந்தினர் வந்து மாலையோடு நின்றார். சுப்பண்ணன் கையைக் காட்டினார், துண்டை வீசினார், கனைத்தார். முத்தாத்தாள் கண்ணை மூடியபடி மேலும் பதினோரு நிமிடம் ஊதிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"ஏனுங்க அம்மணி, கண்ணத் தொறந்துட்டு ஊதக்கூடாதுங்களா?" என்றார் சுப்பண்ணன்.

"தொறந்தா உங்க மூஞ்சி தெரியுதுங்களே."

திரும்பும்போது காரை வெள்ளியங்கிரி ஓட்டினார். பாதி வழியில், பாட்டுக்கு நடுவே ஒரு இடத்தில் சுரம் வழுக்கிக்கொண்டு போனதே, அது தப்புதானே என்று கேட்டார்.

"தப்பில்லீங்க. திருடிப்போட்டேன்."

யாரிடமிருந்து என்றார். அவள் வெப்ஸ்டரைப் போட்டுக் காட்டினாள். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, பாட்டு முடியும்வரை கேட்டார்.

"நல்லாத்தான் ஊதறாப்ல. ஆனா பாதிக் காத்து வீணாப் போவுது" என்றார்.

முத்தாத்தாள் பாட்டை மறுபடி ஓடவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.