அம்மா சொன்னால்தான் முந்துவார்

அப்பா இதுவரை மூன்று பழைய அமெரிக்கக் கார்களை வாங்கியிருக்கிறார். மூன்றுக்கும் ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊர்ச் சாலைக்கு அது சரிவராது என்று யார் சொல்லிக் கேட்டார்? நீண்ட மூக்கும் பெஞ்சு மாதிரி முன்சீட்டும் அவரை மயக்கிவிட்டன.

இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்த அம்மாதான் அவருக்குக் கண். கார் ஓட்டத் தெரியாத அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இருங்க, பஸ் வருது" என்பார். அப்பா சிக்னல் போட்டுக் காத்திருப்பார். "இப்பப் போலாம்" என்றதும் ஒரே மிதி. வீட்டில் வேறெதற்கும் அம்மா பேச்சைக் கேட்காத மனிதர் அவர்.

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள், மாமாவைச் சிலிம் ரிவர் ஊரில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பினோம். அம்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அப்பா வழக்கம்போல் சிக்னல் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"போலாம்ப்பா."

அவர் மிதிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று உரக்கச் சொன்னேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களையும் லாரியையும் முந்திப் போனார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"ரோடு காலியா இருக்குலா! ஏன்ப்பா லாரி பின்னாலயே போறீங்க?"

"இரு" என்றார், லாரியைப் பார்த்தபடியே. "உங்கம்மா இன்னும் சொல்லலையே."