கப்பல் நம்பியின் வாசல்

குற்றாலம் மெயின் அருவியில் ஊரே தலையைக் கொடுத்து நிற்கும்போது, நம்பிராஜன் மட்டும் ஓரமாக நின்று இரும்புக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருப்பார். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் பெருவிரலால் ஒரு சுற்று, பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. "பரவால்ல, வெல்டிங் பாஸ்" என்பார். பின்னால் எண்ணெய் வழிய நிற்பவர், "அண்ணாச்சி, குளிக்கியளா, வழி விடுதியளா?" என்று கத்தினால்தான் நகர்வார். குளித்தாரா என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

வயது நாற்பத்தாறு. ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் பதினெட்டு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டார். இப்போது மேலகரத்தில் ரோட்டோரம் ஒரு பட்டறை. கேட், கிரில், மாட்டுத் தொட்டி என்று வேலை ஓடுகிறது. கப்பலின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேரே பொறி பறக்க வேலை செய்தவரை ஜன்னல் கம்பி வளைக்கச் சொன்னால்? யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்தப் பசி சும்மா இருக்குமா? கடையத்துக்காரர் ஒருவர் மாட்டுத் தொட்டி கேட்டு வந்தார். நம்பிராஜன் பற்றவைத்ததோடு விடவில்லை. கப்பலில் கசிவு பார்க்கிற முறைப்படி ஒருபக்கம் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெள்ளையில் கறை தெரிகிறதா என்று அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை. மாடும் ஒரு வாய் குடிக்கவில்லை. நாற்றம் போவதற்குள், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த வீட்டுக்காரம்மாவுக்குத் தோள் இறங்கிவிட்டது.

மளிகைக்கடை வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டுக் கேட் இன்னும் மோசம். தகடு கனமோ கனம். மாட்டிய மறுநாளே தூண் விரிசல் விட்டது. "ஏலே நம்பி, வீட்டுக்குக் கதவு செய்யச் சொன்னா, கப்பல்ல பாதிய அறுத்துக் கொண்டாந்து மாட்டிட்டியே!" என்று அண்ணாச்சி தெருவில் நின்று சத்தம் போட்டார். நம்பிராஜன் கேட்டின் கனத்தைக் குறைக்கவில்லை. தன் செலவில் தூணைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் கப்பல் நம்பி.

காலையில் டீக்கடையில் நாளிதழைப் பிரித்தாரென்றால் டீ ஆறிவிடும். உள்நாட்டிலேயே கப்பல் கட்ட அரசு கோடிக்கணக்கில் ஒதுக்குகிறது, தூத்துக்குடிப் பக்கம் பெரிய தளம் வரப்போகிறது என்று செய்தி வரத் தொடங்கியதிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நம்ம சரக்க அடுத்தவன் கப்பல்ல ஏத்தி, வாடகை குடுத்தே அழியுதோம் அண்ணாச்சி. இனி நாமளே கட்டப்போறோம். எனக்கும் அங்கன வேல கெடைக்கும். சனிக்கிழமை சாய்ங்காலம் பஸ் ஏறுனா, ராத்திரி சோத்துக்கு வீட்டுல இருப்பேன்."

"கொரியாக்காரன் கப்பலக் கட்டிக் கடல்ல எறக்கிருவான். நாம அதுக்குள்ள பூமி பூசைக்கு நாள் பாத்திருப்போம்லா" என்பார் வல்லிநாயகம்.

நம்பிராஜன் விடுகிற ஆளா? செய்தியில் சொன்ன இடம் இதுதான் என்று தானாகவே ஓர் இடத்தை முடிவுசெய்துகொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். முதல் தடவை உடைமரமும் ஆடுகளும். அடுத்த தடவையும் அதே உடைமரம், கொஞ்சம் கூடுதலாக ஆடுகள். கடைசியாகப் போனபோது ஓர் அளவுக்கல் நட்டிருந்தது. அதைப் போட்டோ எடுத்து வந்து, பேத்தி படம் காட்டுவதுபோல் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஊருக்கெல்லாம் கேட் செய்கிறவர் வீட்டில் கேட் கிடையாது. ஒரு பழைய தகரத்தைச் சாத்தி வைத்திருக்கிறார். ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கினால் தகரம் தெருவுக்கு ஓடிவிடும், ஆடுகள் உள்ளே வந்துவிடும். மனைவி அனுசியாவின் செம்பருத்தி ஒரு தடவைகூட முழுசாகப் பூத்ததில்லை. கேட்டால், "செய்யுதேன், செய்யுதேன்" என்பார். எத்தனை நாள் இருக்கப்போகிறோமோ என்கிற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருப்பது அனுசியாவுக்குத் தெரியும்.

மகள் மஞ்சு பெரியமனுஷியானதையும் அவளுக்குத் தண்ணீர் ஊற்றியதையும் அவர் போனில்தான் பார்த்தார். ஊருக்கு வந்ததும் பண்பொழி மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய், "இனி வெளிநாடு இல்ல" என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். அந்தச் சத்தியத்துக்குத்தான் போன வாரம் சோதனை வந்தது. பழைய போர்மேன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். பெரிய கப்பல், அதே வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அந்த வாரம் முழுக்க நம்பிராஜன் உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். ஒரு கிரில்லைப் பாதி பற்றவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அனுசியாவுக்குப் பொறுக்கவில்லை.

"போறதுன்னா போங்க. இருக்கதுன்னா இருங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தன நாளைக்கு? நானும் புள்ளையும் நடுவுல கெடந்து முழிக்கோம்."

அவர் தட்டில் கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டே பேசினார். "இல்ல சார், நான் வரல. இங்கன கட்டப்போறாங்க சார்... எப்பன்னு தெரியாது. கல்லு நட்டிருக்கு." அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும். இவர் முகம் சுண்டிப்போனது. போனைப் பையில் போட்டவர், அதே பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். தகரத்தைத் தூக்கி ஓரமாக எறிந்தார். வாசல் அகலத்தை அளந்தார். தூணில் கீல் வரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குறி போட்டார். இரண்டையும் தெருப் பக்கமாகப் போட்டார்.

அனுசியா படியிறங்கி வந்து பார்த்தாள். "எந்த ஊர்லங்க வீட்டுக் கேட்டு வெளிய பாத்துத் தொறக்கு?"

"கப்பல்ல அப்படித்தான்."

அனுசியா அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். இரண்டு குறிகளையும் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, வீட்டுப் பக்கமாகப் போட்டாள்.