வெள்ளைக் கொடிக்குக் கவாத்து

அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தபோது என் மணி பிளாண்ட் தரையில் கிடந்தது. பச்சை இலையில் வெண்ணெயை அள்ளித் தெளித்ததுபோல் இருக்கும் வகை அது. குமுளியில் வாங்கி வந்து, ஜன்னலோரத் தொட்டியில் நட்டு, நூல் கட்டி நாலு வருடமாக அறையின் மறுகோடிவரை ஓட விட்டிருந்தேன். கடைசியாக வந்த இலைகள் எல்லாம் சுத்த வெள்ளை. தெருக்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வீட்டுக்குள் வருவார்கள். அந்த வெள்ளைக் கொடிதான் துண்டு துண்டாகக் கிடந்தது.

“யாரு மதினி வெட்டுனது?”

“நாந்தேன்.”

மதினி என் அண்ணன் மனைவி. ராயப்பன்பட்டியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். தண்ணீர், உரம், வியாபாரி எல்லாம் அண்ணன் பொறுப்பு. காய்ப்பு முடிந்த கொடியை வெட்டிவிடும் கவாத்து மட்டும் மதினியின் ராஜ்யம். பந்தலடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவைசிகிச்சை முடிந்ததும், டாக்டருக்குப் பக்கம் என்று உத்தமபாளையத்தில் என் வீட்டில் வந்து தங்கினார். அண்ணனும் கூடவே இருந்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் மதினி வாக்கரைத் தொடவே இல்லை. “திரும்ப விழுந்தா எந்திரிக்க மாட்டேன்த்தா. என்னைய விடு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்படியே ஆறு வாரம். அவர் இனி நடக்கவே மாட்டாரோ என்று அண்ணனும் நானும் அடுக்களையில் நின்று மெதுவாகப் பேசிக்கொள்வோம்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் அதெல்லாம் நினைவில்லை. நாலு வருடம் வளர்த்ததைக் கேட்காமல் வெட்டலாமா என்று சத்தம் போட்டேன். மதினி அசையவில்லை.

“வெள்ளை எலை பாக்கத்தேன் அழகு. அதுக்குச் சோறாக்கத் தெரியாது. பச்சைதேன் ஆக்கிப் போடணும். கொடி பூரா வெள்ளையாப் போனா யாரு ஆக்குறது? ரெண்டுங் கலந்த கணுவாப் பாத்து நிப்பாட்டிருக்கேன். முளைக்கும் பாரு.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தது கட்டிலில் இருந்து அல்ல, ஜன்னலோர நாற்காலியில் இருந்து. பக்கத்தில் வாக்கர். மடியில் கத்தரிக்கோல். கட்டிலுக்கும் அந்த நாற்காலிக்கும் எட்டு அடி தூரம். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார்.

“மதினி, இங்கன எப்படி வந்தீக?”

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். “தெரியலத்தா. இப்படிக் கவாத்துப் பண்ணாமப் போட்டு வச்சிருக்காளேன்னு ஒம்மேல கோவம். எந்திரிச்சு வந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மருந்துப் பையோடு நுழைந்த அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையில் முதல் வேலை ஜன்னலுக்குப் போய்க் கணுவைப் பார்ப்பதுதான். வாக்கரைப் பிடித்தபடி மதினி முன்னால், நாங்கள் பின்னால். நேர்வெயில் பட்டால் வெள்ளை கருகும், இருட்டில் வைத்தால் எல்லாம் பச்சையாகிவிடும் என்று தொட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தச் சொல்வார். இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு கணு லேசாகப் புடைத்தது. பிறகு திரிபோலச் சுருண்ட ஒரு குருத்து. அது விரிந்த காலையில் மூன்று பேரும் தலையோடு தலை முட்ட நின்று பார்த்தோம். நடு நரம்புக்கு இந்தப் பக்கம் பால் வெள்ளை, அந்தப் பக்கம் கரும்பச்சை. கோடு போட்டுப் பிரித்ததுபோல் இருந்தது. மதினி வாக்கரை விட்டுவிட்டுக் கை தட்டினார். விட்டது அவருக்கே தெரியவில்லை.

ஊருக்குப் போகும்போது கொடியில் ஒரு துண்டைப் பாட்டில் தண்ணீரில் போட்டு எடுத்துப் போனார். போன வாரம் வேலை நேரத்தில் போன் வந்தது. “ஏத்தா, இங்கன ஒண்ணு விரியுது. முழுசா விரியிறதுக்குள்ள வந்துரு.” அவசரக் குடும்ப வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ராயப்பன்பட்டி நிறுத்தத்தில் மதினி கையில் கம்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை. “வா, வெரசா வா” என்று திரும்பி நடந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.